சமன்பாட்டுக்கு முன் ஒரு படம்

பதினோராம் வகுப்பில் பௌதிகத்தை விருப்பத்தோடு எடுத்துக்கொண்ட மாணவனை முதல் சில மாதங்களுக்குள்ளேயே சோர்வடையச் செய்வது எது என்று விசாரித்தால், அது பெரும்பாலும் இயக்கவியல் கணக்காகவே இருக்கிறது. கப்பியின் இருபுறமும் தொங்கும் நிறைகள், சாய்தளத்தில் வழுக்கி இறங்கும் மரக்கட்டை, மேலேறும் மின்தூக்கிக்குள் நிற்கும் மனிதன், கோபுரத்தின் உச்சியிலிருந்து எறியப்பட்ட பந்து, ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இரண்டு கோளங்கள் என்று, விரல்விட்டு எண்ணத்தக்க சில காட்சிகளே வேஷம் மாற்றி மாற்றி வருகின்றன. ஆயினும், சூத்திரங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கத் தெரிந்த மாணவனும், நேற்றுப் போட்ட கணக்கிலே ஒரு சொல்லை மாற்றிக் கேட்டுவிட்டால், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கணிதம் தெரியாமலில்லை, உழைப்பிலும் குறைவில்லை. தொடங்கும் இடம்தான் பிசகிப்போகிறது.

வினாவைப் படித்தவுடன் அவன் மனம் எண்களைப் பொறுக்கத் தொடங்குகிறது. நிறை 5 கிலோகிராம், திசைவேகம் வினாடிக்கு 10 மீட்டர், தூரம் 20 மீட்டர் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, இந்த மூன்றும் ஒருங்கே இடம்பெற்ற சூத்திரம் எது என்று நினைவைத் துழாவுகிறான். அகப்பட்டால் எண்களை அதில் இட்டு ஏதோ ஒரு விடை காண்கிறான், அகப்படாவிட்டால் 'இந்த மாதிரி எங்களுக்கு நடத்தவில்லை' என்று அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறான். இந்தச் சூத்திர வேட்டை எளிய கணக்குகளில் பலித்துவிடுவதுதான் பெரிய தீங்கு என்பது என் அபிப்பிராயம். பலித்ததை நம்பி அவன் அதையே தன் வழியாக்கிக் கொள்கிறான், பலிக்காத இடம் வரும்போது தனக்கு அறிவு போதாது என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறான். உண்மையில் இயக்கவியல் கணக்கின் கதி, சமன்பாடு எழுதப்படுவதற்கு வெகு முன்பே, நாம் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம், அந்தப் பொருளை எவையெவை எந்தத் திசையில் தள்ளுகின்றன அல்லது இழுக்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்குச் சொல்லும் பதிலிலேயே நிர்ணயமாகிவிடுகிறது.

இதற்கு மிகச் சாதாரணமான ஒரு திருஷ்டாந்தம் உண்டு. ஒரு நாணயத்தை நேர்மேலே சுண்டிவிடுகிறோம். அது கையைவிட்டு நீங்கி, இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கணத்தில், அதன்மேல் செயல்படும் விசைகள் யாவை? அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட், பொறியியல் படிக்க வந்த மாணவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டு, அவர்கள் வரைந்த படங்களை ஆராய்ந்து 1982ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசை ஒன்றையும், அதைக் காட்டிலும் நீளமாக மேல்நோக்கி இன்னொரு விசையையும் வரைந்திருந்தார்கள்; நாணயம் மேலே போகிறதென்றால் அதை மேலே கொண்டுபோகும் ஏதோ ஒன்று அதனுள் இருந்தாக வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். சரியான படத்தில், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், கீழ்நோக்கிய ஒரே ஓர் அம்புக்குறிதான் உண்டு. கையைவிட்டு நீங்கிய பொருளைக் கை தள்ள முடியாது. மேலே போவதற்கு விசை வேண்டியதில்லை, முன்பே பெற்ற திசைவேகம் போதும். அந்தத் திசைவேகத்தைக் கணந்தோறும் குறைத்துக்கொண்டே வருவதுதான் புவியீர்ப்பின் வேலை. இங்கே தவறிய மாணவன் வெட்கப்படவும் வேண்டுவதில்லை. எறியப்பட்ட பொருளுக்குள் எறிந்தவன் ஒரு வேகத்தைப் புகுத்திவிடுகிறான், காற்றின் தடையும் பொருளின் எடையும் அதைத் தீர்க்கும்வரை பொருள் ஓடும் என்று 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பேரறிஞராகிய புரிடான் போதித்தார்; அதை விட்டு விலகுவதற்கு ஐரோப்பிய அறிவுலகத்துக்கே கலிலியோவும் நியூட்டனும் வர வேண்டியிருந்தது.

ஆகவே, மாணவன் விசைப்படம் வரையும்போது ஒவ்வோர் அம்புக்குறிக்கும் பக்கத்தில் நின்று, 'இந்த விசையைத் தருவது எந்தப் பொருள்?' என்று கேட்டுப் பழக வேண்டும். பூமி தருகிறது, மேசை தருகிறது, கயிறு தருகிறது, காற்று தருகிறது என்று ஒரு பொருளின் பெயரைச் சொல்ல முடிந்தால் அந்த அம்பு நிற்கலாம். பெயர் சொல்ல முடியாவிட்டால் அதை அழித்துவிட வேண்டும். பள்ளிக் கணக்குகளில் தொடாமலே இழுப்பது சாதாரணமாகப் பூமி ஒன்றுதான். மற்றவை யாவும் பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதன்மேல் விசை செலுத்த முடியும். ஆதலால், பூமிக்கு ஓர் அம்பு, பிறகு பொருளைச் சுற்றிவந்து அதைத் தொடுகின்ற ஒவ்வொன்றையும் விசாரித்து அம்புகள் என்று வரைந்து முடித்தால், ஒன்று கூடுதலாகவும் வராது, ஒன்று விட்டும் போகாது.

இந்த முறையை ஒரு கணக்கில் முழுமையாக நடத்திப் பார்ப்போம். உராய்வற்ற, எடையற்ற கப்பி ஒன்றின் மேல், நீளாத எடையற்ற கயிற்றின் இரு முனைகளிலும் 3 கிலோகிராமும் 5 கிலோகிராமும் கொண்ட இரண்டு நிறைகள் தொங்குகின்றன; விட்டவுடன் அவை எவ்வளவு முடுக்கத்தோடு நகரும், கயிற்றின் இழுவிசை எவ்வளவு என்பது வினா. இக்கணக்கு ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. கேம்பிரிட்ஜில் பௌதிகம் போதித்த ஜார்ஜ் ஆட்வுட் என்பவர், தடையின்றி விழும் பொருளின் வேகம் அக்காலத்துக் கடிகாரங்களுக்கு எட்டாததாக இருந்தபடியால், ஏறக்குறைய சமமான இரண்டு நிறைகளைக் கப்பியின் இருபுறமும் தொங்கவிட்டு, விழுதலை மெதுவாக்கி அளக்கும் கருவி ஒன்றை அமைத்து, 1784இல் வெளியிட்ட தம் நூலில் அதை வர்ணித்தார். சோதனைக்கூடத்துச் சாதனமாகப் பிறந்தது இன்று தேர்வு வினாவாக நிலைபெற்றிருக்கிறது.

மாணவர்கள் பொருளற்ற அலங்காரமாக எண்ணித் தாண்டிப்போகும் அந்த அடைமொழிகளில்தான் கணக்கின் பாதி அடங்கியிருக்கிறது. கயிறு நீளாதது என்றால், ஒரு பக்கம் எவ்வளவு இறங்குகிறதோ மறுபக்கம் அவ்வளவே ஏறும், ஆகவே இரண்டு நிறைகளுக்கும் முடுக்கத்தின் அளவு ஒன்றே. கயிறும் கப்பியும் எடையற்றவை, கப்பி உராய்வற்றது என்றால், கயிற்றின் இழுவிசை இருபுறமும் ஒன்றே. இந்த இரண்டு வாக்கியங்களையும் தாளில் எழுதிவிட்டால், தெரியாத நான்கு அளவுகள் இரண்டாகக் குறைந்துவிடுகின்றன.

இனிப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். 5 கிலோகிராம் நிறையை மட்டும் தனியாக ஒரு புள்ளியாக வரைந்தால், பூமி அதைக் கீழே 49 நியூட்டன் விசையோடு இழுக்கிறது, கயிறு மேலே இழுக்கிறது; அது கீழே இறங்குவதால், 49 − இழுவிசை = 5 × முடுக்கம். 3 கிலோகிராம் நிறையைத் தனியாக வரைந்தால், பூமி கீழே 29.4 நியூட்டன், கயிறு மேலே. அது ஏறுவதால், இழுவிசை − 29.4 = 3 × முடுக்கம். இரண்டையும் கூட்டினால் இழுவிசை தானாக நீங்கி, 19.6 = 8 × முடுக்கம் என்று நிற்கிறது. முடுக்கம் வினாடிக்கு வினாடி 2.45 மீட்டர். இழுவிசை 29.4 + 7.35, அதாவது 36.75 நியூட்டன், மற்றொரு சமன்பாட்டில் இட்டுப் பார்த்தாலும் 49 − 12.25, அதே 36.75.

பெரும்பாலோர் இங்கே கோடு போட்டு முடித்துவிடுவார்கள். நல்ல மாணவன் இன்னும் அரை நிமிஷம் இதிலேயே நிற்பான். இழுவிசை 29.4க்கும் 49க்கும் நடுவே இருக்கிறதா? இருக்கிறது, இருந்தே தீர வேண்டும், ஏனெனில் அது சிறிய நிறையை மேலே தூக்கப் போதுமானதாகவும் பெரிய நிறையைத் தடுத்து நிறுத்தப் போதாததாகவும் இருக்க வேண்டும். இரண்டு நிறைகளும் சமமாயிருந்திருந்தால் முடுக்கம் பூஜ்யமாகியிருக்குமா? கூட்டிய சமன்பாட்டின் இடப்பக்கம் எடைகளின் வித்தியாசமாதலால், ஆகியிருக்கும். ஒரு பக்கம் நிறையே இல்லாதிருந்தால்? மற்றது தடையின்றி விழும், கயிறு தொய்ந்துவிடும். இந்தக் கோடி நிலைகளை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது, விடையை யாரையும் கேளாமல் தானே சரிபார்த்துக்கொள்ளும் வித்தை. இன்னும் ஆர்வமுள்ளவன் கப்பியையும் தனியாக வரைந்து பார்க்கலாம்: கயிறு அதை இருபுறமும் கீழே இழுப்பதால் அதன்மேல் விழும் சுமை 73.5 நியூட்டன். தொங்கும் இரண்டு நிறைகளின் மொத்த எடையோ 78.4. மீதி 4.9 எங்கே போயிற்று என்று யோசித்து, பெரிய நிறை இறங்கச் சிறிய நிறை ஏறும்போது இரண்டின் பொது நிறைமையம் கீழ்நோக்கி முடுக்கம் கொள்கிறது என்பதைத் தானாகவே கண்டுகொண்ட மாணவனுக்கு, அந்த அத்தியாயத்தில் இனிப் பயப்பட ஒன்றுமில்லை.

நியூட்டனின் விதிகள் 1687இல் லத்தீன் நூலாக வெளிவந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொருள்மேல் செயல்படும் விசைகளை ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் பகுத்து, ஒவ்வொரு திசைக்கும் ஒரு சமன்பாடு எழுதுகின்ற, இன்று நம் மாணவர்கள் செய்கிற காரியத்தைப் பொதுமுறையாக நிறுவியவர் ஆய்லர், அதுவும் 1750ஆம் ஆண்டில்தான். நியூட்டனுக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பெரும் கணிதர்கள் தேடி அடைந்த முறையை நாம் பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஒரு வார வகுப்பில் கொடுக்கிறோம். அதைச் சற்று நிதானமாகக் கொடுத்தால் குற்றமில்லை.

உராய்வு வந்துவிட்டால் சூத்திர வேட்டை விபரீதமான இடங்களுக்கு இட்டுச் செல்கிறது. தரையில் 10 கிலோகிராம் பெட்டி. நிலை உராய்வுக் குணகம் 0.4, கிடைத்திசையில் 20 நியூட்டன் விசையோடு தள்ளுகிறோம், உராய்வு விசை எவ்வளவு? குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்க வேண்டும் என்ற சூத்திரத்தை மட்டும் அறிந்தவன் 0.4 × 98 என்று பெருக்கி 39.2 நியூட்டன் என்று எழுதுகிறான். அவன் சொல்லுவது மெய்யானால், முன்னே 20, பின்னே 39.2, நிகரமாக 19.2 நியூட்டன் பின்னோக்கிச் செயல்பட்டு, பெட்டி தள்ளுகிறவன் மேலேயே வந்து மோத வேண்டும்! 39.2 என்பது தரையால் தரக்கூடிய உச்சவரம்பு. பெட்டியை அசையாமல் நிறுத்த எவ்வளவு தேவையோ அவ்வளவையே தரை தருகிறது. இங்கே அது 20 நியூட்டன். அதேபோல, செங்குத்து விசை எப்பொழுதும் எடைக்குச் சமம் என்ற நினைப்பும் சாய்தளத்திலும் மின்தூக்கியிலும் பொய்த்துப்போகும். கயிற்றைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் தரை தாங்க வேண்டிய பாரம் குறைகிறது, உராய்வின் வரம்பும் உடன் குறைகிறது. சுமையைச் சாய்வாகத் தள்ளுவதைவிடச் சாய்வாக இழுப்பது எளிது என்று பாரம் சுமக்கிறவர்கள் கண்டதற்குக் காரணம் இதுவே.

குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்நோக்கியதை நேர்க்குறி என்று கொண்டால் கணக்கு முடியும்வரை அதை மாற்றக்கூடாது. இதைச் சொல்லாத ஆசிரியர் இல்லை, கேட்டு நடக்கும் மாணவர்களோ சிலரே. 15 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எறியப்படுகிறது; புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்ளலாம்; எத்தனை வினாடியில் தரையை அடையும்? பந்து மேலே போவது ஒரு பகுதி, கீழே வருவது ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டு, ஏற 1 வினாடி, ஏறிய உயரம் 5 மீட்டர், அங்கிருந்து 20 மீட்டர் விழ 2 வினாடி, ஆக 3 வினாடி என்று சொல்லுவது முறையே. ஆனால் குறிகளை நம்புகிறவன் ஒரே வரியில் எழுதிவிடுவான்: காலம் 'க' என்றால், −15 = 10க − 5க². சுருக்கினால் க² − 2க − 3 = 0; விடைகள் 3, −1. எதிர்க்குறி விடையைக் குப்பையென்று தள்ளிவிடச் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது. எறிவதற்கு 1 வினாடி முன்னால் இதே பந்து தரையிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்பியிருந்தால், சரியாக அந்தக் கணத்தில் கோபுரத்தின் உச்சியை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கடந்திருக்கும் என்பதை அந்த −1 சொல்லுகிறது. பந்து யார் கையிலிருந்து வந்தது என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது; அதற்குத் தெரிந்தது அந்தக் கணத்தின் இடமும் திசைவேகமுமே. விடையில் 3ஐ மட்டும் எழுதினால் போதும். மற்றதன் அர்த்தத்தை ஒருமுறை உணர்ந்தவன் குறிகளோடு அதற்குப் பிறகு சண்டை போடமாட்டான்.

படம் வரைவது எப்படி என்று தெரிந்த பின்னும் எந்தத் தத்துவத்தைக் கையாளுவது என்ற கேள்வி நிற்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்செலீன் சீ, பெல்டோவிச், கிளேசர் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. ஒரே கட்டு இயக்கவியல் கணக்குகளைப் பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களிடமும், அப்பாடத்தை ஒரு பருவம் மட்டும் படித்தவர்களிடமும் கொடுத்து, இனம் பிரித்து அடுக்குங்கள் என்றார்கள். புதியவர்கள் சாய்தளக் கணக்கு, கப்பிக் கணக்கு, சுருள்வில் கணக்கு என்று கண்ணுக்குத் தெரிந்த பொருள்களைக் கொண்டு அடுக்கினார்கள். தேர்ந்தவர்கள் இது ஆற்றல் அழிவின்மை, இது நியூட்டனின் இரண்டாம் விதி என்று, உள்ளே வேலை செய்யும் தத்துவத்தைக் கொண்டு அடுக்கினார்கள். சாய்தளக் கணக்கு ஒன்றும் சுருள்வில் கணக்கு ஒன்றும் தேர்ந்தவர் கையில் ஒரே அடுக்கில் விழுந்தன. நம் வழிகாட்டி நூல்களோ கணக்குகளை அத்தியாயவாரியாக, மாதிரிவாரியாக வரிசைப்படுத்தித் தருவதால், எந்தத் தத்துவம் என்று தீர்மானிக்கும் சிரமத்தையே மாணவனிடமிருந்து பறித்துவிடுகின்றன. தேர்வு மண்டபத்திலோ வினாவுக்கு மேலே அத்தியாயத்தின் தலைப்பு அச்சிடப்பட்டிருப்பதில்லை.

வினாவில் காலம் எங்கும் பேசப்படாமல், ஓரிடத்தின் வேகமும் மற்றோரிடத்தின் வேகமும் உயரமும் மட்டுமே பேசப்பட்டால், மனம் முதலில் ஆற்றலின் பக்கம் போக வேண்டும். ஆற்றல் கணக்கு கடைக்காரரின் பேரேட்டைப் போன்றது: தொடக்க இருப்பும் முடிவு இருப்பும், இடையில் உராய்வுக்கென்று போன செலவும் தெரிந்தால் போதும், ஒவ்வொரு நாளும் நடந்த பேரம் தெரிய வேண்டியதில்லை. உராய்வற்ற சரிவு எப்படி வளைந்திருந்தாலும், ஓய்விலிருந்து புறப்பட்டு 5 மீட்டர் இறங்கிய பொருள், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தோடு அடிவாரத்தை அடையும். ஆனால் எத்தனை நேரத்தில் அடையும் என்று கேட்டால் பேரேடு வாய் திறக்காது. அங்கே விசைக்கும் முடுக்கத்துக்கும் திரும்ப வேண்டும். மோதலும் வெடிப்பும் வந்தால் உந்தம் அழிவின்மையை நாட வேண்டும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நேரும் பிழையைப்போலப் போதனை நிறைந்த பிழை வேறொன்றை நான் கண்டதில்லை. கயிற்றில் தொங்கும் 1.99 கிலோகிராம் மரக்கட்டையில், 10 கிராம் நிறையுள்ள துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வந்து பதிந்துவிடுகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க ஆங்கிலேயராகிய பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் தம் நூலில் விவரித்த ஊசலிலிருந்து வழிவந்த கணக்கு இது. ஆற்றல் அழியாது என்று படித்திருக்கும் மாணவன், குண்டின் இயக்க ஆற்றல் 800 ஜூல், அது முழுவதும் கட்டையின் நிலை ஆற்றலாக மாறுகிறது என்று ஒரே வரியில் சமன் செய்து, 2 × 10 × உயரம் = 800, உயரம் 40 மீட்டர் என்று எழுதிவிடுகிறான். பத்து மாடிக் கட்டடத்தையும் தாண்டிய உயரம்! சிறு குண்டொன்று பட்டதனால் இரண்டு கிலோ மரக்கட்டை அத்தனை உயரம் எழும்புமா என்று ஒரு கணம் தாளிலிருந்து கண்ணை எடுத்து நினைத்துப் பார்த்திருந்தால், எங்கோ தவறியிருக்கிறோம் என்ற எச்சரிக்கை மனத்திலேயே எழுந்திருக்கும்.

நிகழ்ச்சியை இரண்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். முதலாவது, குண்டு பதிகின்ற அந்த மிகச் சிறிய நேரம். அதற்குள் கட்டை இடம்பெயர அவகாசமில்லை, கிடைத்திசையில் வெளிவிசையும் இல்லை, ஆகவே உந்தம் காக்கப்படுகிறது: 0.01 × 400 = 2 × திசைவேகம்; திசைவேகம் வினாடிக்கு 2 மீட்டர். இரண்டாவது, பதிந்த பின் கட்டை ஊசலாக எழும்புவது. அங்கே ஆற்றல் காக்கப்படுகிறது, இயக்க ஆற்றல் 4 ஜூல், உயரம் 0.2 மீட்டர், அதாவது ஒரு சாண் அளவு. 800 ஜூலில் 796 ஜூல் மரத்தைத் துளைப்பதிலும் சூடாக்குவதிலும் போய்விட்டது. ஆற்றல் அழியாதென்ற விதி பொய்யாகவில்லை. வெப்பமாகப் போனதை மாணவன் செலவில் சேர்க்கவில்லை, அவ்வளவே. ஆகையால் ஆற்றல் சமன்பாட்டை எழுதுவதற்கு முன், இந்த இடைவேளையில் எங்கேனும் பதிதல், நசுங்குதல், உராய்தல் உண்டா என்று கேட்டுக்கொள்வதை அனிச்சையாக வரும்வரை பழக வேண்டும்.

படிக்கும் முறையைப் பற்றிச் சொல்லுவதற்கு அதிகமில்லை, ஆனால் உள்ளதை அழுத்திச் சொல்ல வேண்டும். தீர்க்கப்பட்ட கணக்கை வாசித்து, ஒவ்வொரு வரியும் புரிகிறதென்று தலையசைத்துக்கொண்டே போவதைப் படிப்பு என்று மாணவர்கள் நம்புகிறார்கள். அதே சீயும் அவருடைய தோழர்களும் 1989இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், நியூட்டனின் விதிகளைப் பற்றிய மாதிரிக் கணக்குகளைப் படிக்கும் மாணவர்களைச் சத்தமாகப் பேசிக்கொண்டே படிக்கச் சொல்லி, அவர்கள் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தபோது, பின்னால் கணக்குகளை நன்றாகத் தீர்த்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் நின்று, இது ஏன் இப்படி வந்தது, இங்கே கொசைன் ஏன், சைன் ஏன் இல்லை என்று தமக்குத்தாமே விளக்கிக்கொண்டவர்களாக இருந்தார்கள். ஆகவே ஒரு மாதிரிக் கணக்கை அவ்வாறு விசாரித்துப் படித்தபின், புத்தகத்தை மூடிவைத்து, வெறும் தாளில் படத்திலிருந்து தொடங்கி முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்; நடுவில் நின்றுவிட்டால், எந்த வரியில் நின்றோமோ அந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு மீண்டும் மூடிவிட வேண்டும். தவறிப்போன கணக்குகளுக்கென்று ஒரு தனி நோட்டு வைத்து, விடையை அதில் எழுதாமல், தவறு எந்த வகையினது, படத்திலா, குறியிலா, தத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததிலா, கூட்டல் கழித்தலிலா என்பதை மட்டும் ஒரு வரியில் குறித்து, சில நாள் கழித்து அதே கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்ப்பது நூறு புதுக் கணக்குகளை ஓட்டமாகப் போடுவதைவிடப் பயன் தரும். அடிக்கடி தவறுவது தன் கூட்டல் கழித்தலில் அன்று, படத்தில்தான் என்பதை அந்த நோட்டே அவனுக்குக் காட்டிக்கொடுக்கும்.

அலகுகளை ஒவ்வொரு வரியிலும் எழுதிக்கொண்டு வருவதை வீண் வேலையாக நினைப்பவர்கள், 1999ஆம் ஆண்டு செவ்வாய்க் கிரகத்துக்குச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு கணிப்பொறி நிரல் பவுண்டு அலகில் தந்ததை மற்றொன்று நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டதால் அழிந்துபோனதை நினைத்துப் பார்க்கலாம். கிராமில் கொடுத்த நிறையைக் கிலோகிராமாகவும், மணிக்குக் கிலோமீட்டரில் கொடுத்த வேகத்தை வினாடிக்கு மீட்டராகவும் முதல் வரியிலேயே மாற்றிவிட்டால் பின்னால் அந்தத் தொல்லை இல்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பதை 20 என்று மாற்றாமல் 72 என்றே இட்டு, நிறுத்தத் தூரத்தைப் பதின்மூன்று மடங்கு பெரிதாகக் காண்பது எவ்வளவோ சாதாரணமாக நடக்கிறது.

தமிழ்நாட்டு மேல்நிலைத் தேர்வில் பௌதிக எழுத்துத் தாளுக்கு 70 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15 போக, மற்றவை இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களாக வருகின்றன. கணக்குக்குரிய மதிப்பெண்ணைத் திருத்துவோர் ஒரே கட்டியாகப் போடுவதில்லை. சூத்திரத்துக்கு, எண்களை இட்டதற்கு, அலகோடு கூடிய விடைக்கு என்று பிரித்தே விடைக்குறிப்பு அமைகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வினாவில் கொடுத்திருந்தால் 10ஐ எடுத்துக்கொள்ளக்கூடாது. பாதியில் நின்றுபோன கணக்கில்கூட, பெயரிட்ட அம்புகளோடு ஒரு படமும், நேர்க்குறித் திசை இதுவென்ற ஒரு சொல்லும், பொருளுக்கு ஒன்றாகச் சரியான சமன்பாடும் தாளில் இருந்தால், அவற்றுக்குரிய மதிப்பெண் வந்து சேரும். விடை அபத்தமாக வந்துவிட்டதே என்ற பதற்றத்தில் அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்குக்கோடு போட்டு அடித்துவிடுகிறவனுக்கு அதுவும் கிடைக்காது. கடைசிப் பத்து நிமிஷம் மீதமிருக்குமானால், அடிக்காமல் விட்ட அந்தக் கணக்குக்கே திரும்பிவந்து, எண்களைத் தொடாமல், படத்தில் ஒவ்வோர் அம்பையும் தருவது யார் என்று மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டு போகலாம்.